அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை: அந்த ஐந்து மாதங்கள் எங்கே போயின?

தென் மாவட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அத்தைக்கு 47 வயது. மார்பில் கட்டி இருப்பதை ஊருக்கு வந்த சுகாதாரச் செவிலியர்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரி, பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊசி டெஸ்ட், கட்டியிலிருந்து துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, ஸ்கேன் என்று அலைந்து முதல் கீமோ ஏறுவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. "அரசு மருத்துவமனை என்றாலே இப்படித்தானா? டாக்டர்களுக்கு அக்கறை இல்லையா, மெஷின் இல்லையா, பணம் இல்லையா? மீதிச் சிகிச்சைக்குத் தனியாரிடம் போய்விடலாமா?" என்கிறார். அக்கறை, மெஷின், பணம் என்று அவர் பிரித்துக் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். அந்த ஐந்து மாதத்தில் மருத்துவத்துக்கு உண்மையில் தேவைப்பட்ட நாட்கள் எவ்வளவு, வீணாய்ப் போனவை எவ்வளவு, வீணானவற்றை மீட்க வழி உண்டா?

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில், மக்கள் 'கரண்ட் வைக்கிற இடம்' என்பார்களே அங்கே, இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பெரும்பாலான நோயாளிகள் எங்களிடம் கடைசியில்தான் வருவார்கள். கையில் இருக்கும் ஃபைலைப் புரட்டினால் எங்கெங்கே எத்தனை நாள் நின்றார்கள் என்பது தேதிவாரியாகத் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியானது இதுதான்: மெஷினுக்காகக் காத்திருந்த நாட்களைவிட, ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில், யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் நோயாளி நின்ற நாட்களே அதிகம். உங்கள் அத்தையின் அறிக்கைகளைப் பார்க்காமல் அவருக்குக் கொடுக்கும் சிகிச்சை சரியா என்று நான் சொல்ல மாட்டேன். நாட்கள் எங்கே கரைகின்றன என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், தாமதம் எவ்வளவு கெடுதல் என்பது. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 34 ஆய்வுகள், 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு நான்கு வாரம் தள்ளினால் 9 சதவீதம் கூடுகிறது என்று அதில் வந்தது. இந்த எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நூறு பேரில் கூடுதலாக எட்டுப் பேர் இறப்பார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நூறில் இருபது பேர் இறக்கக்கூடிய நிலையில் அது இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிறது. தனி ஒருவருக்கு இது சிறிய மாற்றமாகத் தெரியலாம். ஒரு மாநிலத்துக்குக் கணக்குப் போட்டால் சிறியது இல்லை. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியது: அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருப்பவர்களின் விகிதம், அதற்குள் வந்தவர்களைவிட 12 சதவீதம் குறைவு. ஆகவே சரியான பரிசோதனைகளுக்காக மூன்று, நான்கு வாரம் செலவாவதில் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதம் தாண்டினால் அது மருத்துவமனை பதில் சொல்ல வேண்டிய தாமதம்.

எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே கடிகாரம் கிடையாது. திடீரென வரும் ரத்தப் புற்றுநோய்களுக்கும் வேகமாக வளரும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் நாள் கணக்கு. முதுகெலும்பில் பரவிக் கால் மரத்துப்போகத் தொடங்கினால் மணிக் கணக்கு. அந்த நோயாளியை ஓ.பி. வரிசையில் நிறுத்தக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். தைராய்டில் வரும் பெரும்பாலான சிறிய கட்டிகளும், முதியவர்களின் அபாயம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோயும் சில வாரக் காத்திருப்பால் மோசமாகிவிடுவதில்லை. தாமத ஆய்வுகளில் ஒரு சிக்கலும் உண்டு. மிக மோசமான நிலையில் வருபவர்களுக்குத்தான் சிகிச்சை மிக வேகமாகத் தொடங்கும், அவர்களில்தான் அதிகம் பேர் இறப்பார்கள். அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்கள் அதிகம் இறந்ததுபோல் கணக்கு காட்டும். இதை வைத்துத் தாமதத்தால் பாதிப்பே இல்லை என்று வாதிடுபவர்களை நம்பாதீர்கள்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே போகும் நாட்கள் தனி. மார்புக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலி இல்லையே, பார்த்துக்கலாம்" என்று தோன்றுவது இயல்பு. மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும், பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று தன் உடம்பைக் கடைசியில் வைக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. ஒருநாள் கூலியை விட்டு, துணைக்கு ஒருவரின் கூலியையும் விட்டு, இரண்டு பஸ் மாறி வருபவரிடம் "ஏன் லேட்டா வந்தீங்க" என்று கேட்பது கொடுமை. உங்கள் அத்தை விஷயத்தில் செவிலியர் சொன்னவுடனே கிளம்பியிருக்கிறார்கள். அவர் பக்கத்தில் தாமதமே இல்லை.

அடுத்து, முதலில் பார்க்கும் மருத்துவரிடம் போகும் நாட்கள். மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்று மருந்து கொடுத்து அனுப்புவது, கையுறை போட்டு விரலால் ஒருமுறை பரிசோதித்தால் தெரிந்திருக்கக்கூடிய மலக்குடல் கட்டியை ஆறு மாதம் விட்டுவிடுவது. வாயில் ஆறாத புண் இருக்கும் இடத்தில் பல் ஆடுகிறது என்று பல்லைப் பிடுங்குவது. மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு என்று வரும் அம்மாவுக்குக் கருப்பை வாயைப் பார்க்காமலேயே மாத்திரை எழுதுவது. இருமலும் எடைக்குறைவும் இருந்தால் நம் நாட்டில் முதலில் காசநோயை நினைப்பது சரிதான். சளியில் கிருமி தெரியாமலேயே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, வாரங்கள் கடந்தும் எக்ஸ்ரே மாறவில்லை என்றபோது மறுபடி யோசிக்காமல் விடுவதுதான் தவறு. பயிற்சி மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்று உண்டு: அதே தொந்தரவோடு ஒருவர் மூன்றாம் முறை வந்தால் மாத்திரையை மாற்றாதே, ஆளை மேலே அனுப்பு. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது, ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் "சின்னக் கட்டிதான்" என்று மார்புக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் விடுவது. ஆறு மாதம் கழித்து அதே தழும்பில் கட்டி வளர்ந்து அரசு மருத்துவமனைக்கு வருவார்கள். எவ்வளவு பெரிய கட்டி இருந்தது, எந்த வகை, ஓரத்தில் மிச்சம் இருந்ததா, ஒன்றுமே தெரியாது. உடலிலிருந்து எடுத்த எந்தக் கட்டியும் பேதாலஜி என்ற திசுப் பரிசோதனைத் துறைக்குப் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி மருத்துவமனைக்குள் வருவோம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அறுவை சிகிச்சைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட ஓ.பி. நாள். திங்கள்கிழமை முதல் யூனிட் பார்த்தால் நீங்கள் அந்த யூனிட்டின் நோயாளி. புதன்கிழமை ரிப்போர்ட்டோடு வந்தால் "உங்க யூனிட் திங்கள்தான், அன்னைக்கு வாங்க" என்பார்கள். கூட்டத்தைச் சமாளிக்க வந்த ஏற்பாடு இது, பழைய மருத்துவரே தொடர்ந்து பார்ப்பார் என்ற நன்மையும் இதில் உண்டு. ஆனால் புற்றுநோயில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் திங்கள் பரிசோதனை, பயாப்ஸிக்குத் தேதி. இரண்டாம் திங்கள் பயாப்ஸி. மூன்றாம் திங்கள் ரிப்போர்ட் வரவில்லை. நான்காம் திங்கள் ரிப்போர்ட் வந்தது, ஹார்மோன் டெஸ்ட் எழுதினார்கள். ஆறாம் திங்கள் அதுவும் வந்தது, சி.டி. ஸ்கேன் எழுதினார்கள். எட்டாம் திங்கள் ஸ்கேன் படத்தோடு வந்தால் புற்றுநோய்ப் பிரிவுக்குச் சீட்டு. அந்தப் பிரிவின் நாள் வியாழன். கீமோவுக்கு முன் இதய எக்கோ வேண்டும், அதற்கு வேறு தேதி. இதில் எந்த மருத்துவரும் சோம்பேறியாக இருக்கவில்லை. எல்லோரும் தங்கள் நாளில் தங்கள் வேலையைச் செய்தார்கள். இரண்டரை மாதம் போய்விட்டது. நடுவில் ஒரு திங்கள்கிழமை தீபாவளி என்றால் இன்னும் ஒரு வாரம்.

இந்த வேலைகளுக்கு உண்மையில் எவ்வளவு காலம் தேவை? பயாப்ஸித் துண்டை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிப் படிக்க இரண்டு மூன்று வேலை நாள் போதும். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 என்ற புரதத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் சில நாள். சி.டி., ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றையும் பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருக்கும் அதே வாரத்தில் முடிக்கலாம். மருத்துவரின் கையில் கட்டி தட்டுப்பட்டு, தோற்றமே புற்றுநோய் என்று சொல்லும்போது இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுத எந்தக் காரணமும் இல்லை. மொத்தத்தில் மூன்று வாரத்தில் முடியும் வேலை. முதலில் மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மார்பகப் புற்றுநோயை உறுதிசெய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இலக்கு வைத்தது. ஏழை நாடுகளையும் மனத்தில் வைத்துச் சொன்ன எண் அது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளால் அதைவிட நன்றாகச் செய்ய முடியும்.

பேதாலஜியில் நாள் போகும் இடங்களை வெளியாட்கள் அறிவதில்லை. பயாப்ஸித் துண்டைச் சலைன் பாட்டிலில் போட்டு அனுப்பினால் அது கெட்டுவிடும். மறுபடி குத்த வேண்டும். ஃபார்மலினில் ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும், மூன்று நாளுக்கு மேல் ஊறினால் ஹார்மோன் டெஸ்ட் பொய் சொல்லத் தொடங்கும். சனிக்கிழமை மதியம் எடுத்த துண்டு திங்கள் காலை வரை வார்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹார்மோன் டெஸ்டுக்கான ரசாயனம் விலை அதிகம். ஒரே ஒரு மாதிரிக்காகக் கிட்டைத் திறக்க மனம் வராமல், போதுமான எண்ணிக்கை சேரட்டும் என்று சோதனைக்கூடம் காத்திருக்கும். பரவும் வகை மார்பகப் புற்றுநோய் என்று துண்டில் தெரிந்தவுடனேயே, யாரும் சீட்டு எழுதித் தராமல், சோதனைக்கூடமே அடுத்த டெஸ்டையும் போட்டுவிட வேண்டும் என்று ஒரு நிரந்தர உத்தரவு இருந்தால் இரண்டு வாரம் மிச்சம். ரிப்போர்ட் தயாரானால் அது நோயாளி வந்து வாங்கும்வரை மேசையில் கிடக்காமல் துறைக்குப் போக வேண்டும், நோயாளிக்கு ஒரு போன் போக வேண்டும். பைசா செலவில்லாத இந்த இரண்டு ஏற்பாடுகளை மட்டும் நடைமுறைப்படுத்தினால்கூட நிறைய மாறும்.

வாய்ப் புற்றுநோய்க்காரருக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன் சொத்தைப் பற்களை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தாடை எலும்பே அழுகக்கூடும். எடுத்த இடம் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். எல்லாம் முடிந்து எங்களிடம் வந்தபின் நாங்கள் பல் மருத்துவரிடம் அனுப்பினால் அந்த இரண்டு வாரம் நிச்சயமாகத் தாமதம். பயாப்ஸி எடுத்த அன்றே அனுப்பியிருந்தால் ஒரு நாள்கூட நஷ்டமில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ரத்தசோகையைச் சரிசெய்வதும் சிறுநீரகத்தைப் பார்ப்பதும் இதே மாதிரிதான். சி.டி.க்குப் போன பிறகு "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே" என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளி, சிறுநீரகத்துக்கான அந்த ரத்தப் பரிசோதனையை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

காப்பீட்டைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம். நல்ல திட்டம். அதனால் சிகிச்சைக்குள் வர முடிந்த ஏழைகளை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டை இல்லாதவர்கள் புற்றுநோய் உறுதியானபிறகுதான் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு அலையத் தொடங்குகிறார்கள். சந்தேகம் வந்த அன்றே தொடங்கினால் பயாப்ஸி முடிவு வரும்போது அட்டையும் வந்திருக்கும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். காப்பீட்டுப் பணம் மருத்துவமனையின் கணக்குக்கு வருவது. அட்டையில் பெயர் தப்பு, அனுமதி வரவில்லை என்பதற்காக கீமோ நிற்கக் கூடாது. நிறுத்தினால் ஆர்.எம்.ஓ. என்ற நிலைய மருத்துவ அலுவலரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள்.

என் துறைக்கு வருகிறேன். இங்கே மெஷின் குறைவு என்பது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனைகள் பல பத்தாண்டுகளாகக் கோபால்ட் இயந்திரங்களை நம்பியிருந்தன. கோபால்ட்-60 சுமார் 5.3 ஆண்டில் பாதி வலுவிழந்துவிடும். மூலப்பொருளை மாற்றாமல் விட்டால், முன்பு இரண்டு நிமிடத்தில் கொடுத்த அதே அளவுக்கு நான்கு நிமிடம் ஆகும். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கணக்கில் "இயங்குகிறது" என்றே வரும், வரிசை மட்டும் இரட்டிப்பாகும். கோபால்ட் இல்லாமல் மின்சாரத்திலேயே கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் வந்த இடங்களில் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதை ஓட்டத் தொழில்நுட்பர்களும் மருத்துவ இயற்பியலாளர்களும் வேண்டும். பல கோடி ரூபாய் மெஷின் மதியத்தோடு நின்றுவிட்டால் காரணம் மெஷின் இல்லை, இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆள் போடாததுதான். புது மெஷின் திறப்பு விழாவுக்குச் செய்தியாளர்கள் வருவார்கள். இரண்டு தொழில்நுட்பர் பணியிடங்களை நிரப்பியதற்கு யாரும் வருவதில்லை. வரிசையைக் குறைப்பதில் பல இடங்களில் இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

மெஷின் வாங்காமலேயே வரிசையைக் குறைக்க அறிவியல் கொடுத்த வழி ஒன்றும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு முன்பெல்லாம் 25 நாள், ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்தோம். பிரிட்டனில் நடந்த பெரிய சோதனைகள், ஒவ்வொரு நாளின் அளவையும் கொஞ்சம் கூட்டி 15 நாளில் முடித்தாலும் பலன் அதேதான், பக்கவிளைவும் கூடவில்லை என்று நிறுவின. இது இப்போது உறுதியான விஷயம். 30 பெண்களுக்கு 25 நாள் என்றால் 750 அமர்வுகள். 15 நாள் என்றால் 450. மிச்சமாகும் 300 அமர்வுகளில் இன்னும் 20 பெண்களுக்குச் சிகிச்சை முடித்துவிடலாம். பஸ் செலவும் கூலி இழப்பும் குறைவது தனி. 2020-இல் ஐந்தே நாளில் முடிக்கும் முறைக்கும் நல்ல முடிவு வந்தது; அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு அதை எந்த அளவு நீட்டலாம் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் வேறு கணக்கு. வெளியிலிருந்து கொடுப்பது, உள்ளே வைத்துக் கொடுப்பது இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் பலன் குறையும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருவதும், மெஷின் பழுதாகி ஒரு வாரம் நிற்பதும் புற்றுக்கு ஒன்றுதான். விட்டுப்போன நாட்களை மறுவாரம் ஈடுகட்டத் திட்டம் வைத்திருப்பது துறையின் கடமை.

நடுவில் விழும் இடைவெளியை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்தார்கள். முடிவுகள் 2007-இல் லான்செட்டில் வந்தன. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையில், ஏழாண்டுகளில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. பலரும் அந்த அமிலத்தின் எளிமையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சந்தேகம் தெரிந்த பெண்ணுக்கு அதே வருகையிலேயே உருப்பெருக்கிப் பார்த்து, துண்டெடுத்து, தகுதியானவர்களுக்குக் குளிர்வித்து அழிக்கும் சிகிச்சையையும் அதே செவிலியர்கள் கொடுத்தார்கள். "அடுத்த வாரம் வா" என்பது இல்லை. இன்றைக்கு நடக்கும் பல முகாம்களில் பரிசோதித்தவர்களின் எண்ணிக்கை பெரிதாக எழுதப்படுகிறது. சந்தேகம் என்று குறித்தவர்களில் எத்தனை பேர் மருத்துவமனை வந்து சேர்ந்தார்கள் என்ற எண்தான் எனக்கு வேண்டும்.

மார்பகத்தைக் கையால் பரிசோதிக்கும் பெருந்திரள் முகாம்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்த டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு 2021-இல் வந்தது. நோயை இன்னும் முற்றாத நிலையில் கண்டுபிடிக்க முடிந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ் வயதினரில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் கையில் பணம் குறைவாக இருந்தால், அறிகுறியோடு ஏற்கெனவே வந்து நிற்கும் பெண்ணுக்கு மூன்று வாரத்தில் முடிவு சொல்வதற்கே முதலில் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இது கருத்துதான், பொது சுகாதாரத் துறை நண்பர்களில் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பொது மருத்துவமனையில் ஹரோல்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர், ஏழைக் கறுப்பினப் பெண்கள் முற்றிய கட்டியோடே வருவதைப் பார்த்து, 1990-இல் ஓர் ஏற்பாடு செய்தார். சந்தேகம் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணை. டாக்டர் இல்லை, செவிலியராகக்கூட இருக்க வேண்டியதில்லை. அடுத்த தேதி எப்போது, சீட்டு யாரிடம், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று சிகிச்சை முடியும்வரை கூடவே நிற்பவர். அங்கே மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டு உயிரோடிருப்பவர்கள் 39 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானார்கள். இலவச மார்பகப் பரிசோதனையும் சேர்ந்து நடந்ததால் முழுப் பெருமையையும் வழித்துணைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பலன் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் மருத்துவமனைகளில் காப்பீட்டுக்கென்று வார்டு மேனேஜர் இருக்கிறார், அவர் காகிதத்தைப் பின்தொடர்கிறார். நோயாளியைப் பின்தொடர ஒருவர் வேண்டும். ஒரு மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு பேரின் சம்பளம், ஒரு சி.டி. இயந்திரத்தின் பராமரிப்புச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

காலக்கெடு விதித்தால் போதும் என்பவர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டுவேன். குடும்ப மருத்துவர் அவசரமாக அனுப்பிய நாளிலிருந்து 62 நாளுக்குள் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அங்கே இலக்கு உண்டு. 2015-க்குப் பிறகு அது ஆண்டுக்கணக்கில் எட்டப்படவே இல்லை. ஸ்கேனும் ஆளும் கூடாமல் கெடு மட்டும் வைத்ததன் விளைவு. டென்மார்க் 2007-இல் புற்றுநோயை அவசர நோயாகவே நடத்துவது என்று முடிவெடுத்து, ஒவ்வொரு வகைக்கும் எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்தது. அங்கே காத்திருப்பும் குறைந்தது, பிழைப்பவர்களும் கூடினார்கள். நம்மிடம் செய்யக்கூடிய பாடம் அந்த ஒதுக்கீடுதான். சி.டி. அறையில் நாளொன்றுக்கு இரண்டு இடம், பேதாலஜியில் தனி நிறக் கோரிக்கைச் சீட்டு, எக்கோவில் வாரம் நான்கு இடம் என்று புற்றுநோய்ச் சந்தேகத்துக்கென்றே வைப்பது ஒரு டீனின் கையெழுத்தில் முடியும். கூடவே ஒரு பதிவேடு: முதலில் வந்த தேதி, பயாப்ஸி தேதி, ரிப்போர்ட் தேதி, சிகிச்சை தொடங்கிய தேதி. மாதம் ஒருமுறை எல்லாத் துறைத் தலைவர்களும் அதன் முன் உட்கார்ந்தால், யாரும் யாரையும் திட்டாமலே நாட்கள் குறையத் தொடங்கும்.

தனியாருக்கு மாறலாமா என்றீர்கள். கீமோ தொடங்கிவிட்ட நிலையில் முழுவதுமாக மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புது இடத்தில் ஸ்கேனிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். பணம் நடுவில் தீர்ந்து திரும்பி வரும்போது மூன்றாம் முறை தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பாதையில் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சுக்கு உங்கள் மருத்துவமனையில் வரிசை நீளம் என்றால், அந்த ஒரு கட்டத்தை மட்டும் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் வேறு மருத்துவமனையில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மருத்துவரே கடிதம் கொடுப்பார். ரயிலில் போக வேண்டியிருந்தால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று வேண்டும்.

போன ஐந்து மாதத்தை மீட்க முடியாது. வரப்போகும் இடைவெளிகளை நீங்கள் இப்போதே அடைக்கலாம். எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள், பயாப்ஸி எண்ணை அட்டையின் மேல் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஓ.பி.யை விட்டு வெளியே வரும்போதும் "அடுத்து எந்தத் தேதி, எதற்காக, யாரைப் பார்க்கணும்" என்ற மூன்றுக்கும் பதில் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கீமோவுக்கு இடையில் ரத்த அணுக்கள் குறைந்து தேதி தள்ளினால் பயப்பட வேண்டாம், அது பாதுகாப்புக்கான தாமதம். காய்ச்சல் வந்தால் மட்டும் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திராமல் அன்றே போங்கள். அறுவை சிகிச்சை பிறகுதான் என்று சொல்லியிருந்தால் கடைசி கீமோவுக்கு முந்தைய வருகையிலேயே அறுவை யூனிட்டில் காட்டித் தேதி கேளுங்கள். கதிர்வீச்சும் தேவைப்படும் என்று சொல்லியிருந்தால், இந்த வாரமே அந்தத் துறைக்குப் போய் அத்தையின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.